ஹாம்பர்க் பட்டியலில் ஒரு முக்கால் வயதுக் குழந்தை

என் மகனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்துக் கிளைகளுக்குத் தாளில் இடம் போதவில்லை. அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர் என்று நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டே போனான். தந்தை வழி வந்ததும் பென்சிலை நிறுத்தினான். "அப்பா பக்கம் எந்த ஊர்?" என்று கேட்டான். "ஜெர்மனி" என்றார் என் கணவர். "அது நாடு. ஊர் எது?" என்றான் மகன். அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அம்மாவுக்கும் தெரியவில்லை.

நாங்கள் விஸ்கான்சினில் இருக்கிறோம். மில்வாக்கிக்கு வடக்கே என் மாமியாரின் வீடு. திருமணமான புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கி "அத்தை" என்று அழைத்தேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அத்தைக்கு அப்போது 81 வயது. ஒன்பது வயது வரை தன் தாத்தாவின் மடியில் வளர்ந்தவர். அந்தத் தாத்தா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று யாரும் அவரைக் கேட்டு வைக்கவில்லை. ஒரு மனிதருக்கு ஊர் இல்லாமல் இருக்குமா என்று எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகளைக் குறைத்துக் கொடுக்க முடியுமானால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

அத்தையிடம் மூன்று பொருள்கள் இருந்தன. ஜெர்மன் மொழியிலான குடும்ப பைபிள் ஒன்று, அட்டையில் ஒட்டிய பழைய புகைப்படம் ஒன்று, தாத்தாவின் பெற்றோருடைய கல்லறைக் கல்லைத் தாளில் உரசி எடுத்த படி ஒன்று. பைபிளின் முன்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாள்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மூத்தவர்தான் தாத்தா: ஜூலை 1867. அடுத்தவர்கள் எல்லோருக்கும் பிறந்த இடம் இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. பெற்றோரின் திருமண நாளும் அந்தப் பக்கத்தில் இல்லை. இரண்டையும் முதல் நாளே பார்த்தேன். பார்த்தும் எதையும் புரிந்துகொள்ளவில்லை.

வீட்டுக் கதைப்படி அவர்கள் நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் இறங்கினார்கள், அங்கே ஓர் அதிகாரி குடும்பப் பெயரின் எழுத்துகளை மாற்றிவிட்டார். இந்தக் கதை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு உண்டு. எல்லிஸ் தீவு திறக்கப்பட்டது 1892இல். தாத்தா வந்ததோ 1868இல் என்று 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் காஸில் கார்டன் வழியாக வந்தார்கள். 1855 முதல் 1890 வரை அதுதான் வாசல். பெயரை மாற்றிய அதிகாரியும் கற்பனையே. பயணிகளின் பெயர்ப் பட்டியல் கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டுவிடும். இறங்கும் இடத்தில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர்கள் மாறியது பிறகு, மெல்ல மெல்ல. பள்ளி ஆசிரியர் ஒருவிதமாக எழுதினார், முதலாளி வேறுவிதமாக எழுதினார், பிள்ளைகளே சுருக்கிக்கொண்டார்கள். ம்யூல்லர் மில்லர் ஆனதும் ஷ்மிட் ஸ்மித் ஆனதும் இப்படித்தான். வீட்டுக் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் ஓர் இழை உண்மை இருக்கும்; அது எந்த இழை என்று ஆண்டுகளை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் செய்த பெரிய தவறு. இணையத்தில் யாரோ ஒருவர் பதிவேற்றியிருந்த குடும்ப மரத்தில் தாத்தாவின் தந்தையுடைய பெயர் இருந்தது. 1868இல் பிரேமனிலிருந்து நியூயார்க்குக்கு வந்த கப்பலின் பட்டியலும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. பெயர் அதுவே, வயதும் ஓராண்டு வித்தியாசத்தில் பொருந்தியது. மகிழ்ச்சியில் மனம் துள்ளியது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு, சட்டம் போட்டு, கிறிஸ்துமஸுக்கு அத்தையிடம் கொடுத்தேன். அவர் அதை வரவேற்பறையில் மாட்டினார். ஒன்றரை ஆண்டு கழித்து, வேறு எதையோ தேடும்போது, அதே மனிதர் 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓஹையோவில் வேறு மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் இருப்பதைப் பார்த்தேன். அவர் வேறு ஒருவர். அத்தையின் சுவரிலிருந்து அந்தப் படத்தை நானே கழற்றினேன். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பட்டியலில் பொருத்தமான ஒருவர் கிடைத்தால், "இவர்தான்" என்று நிரூபிக்க முயல்வதில்லை. "இவர் இல்லை" என்று நிரூபிக்க முயல்கிறேன். அவரை முன்னோக்கிப் பின்தொடர்ந்து, அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வேறு எங்காவது வாழ்கிறாரா என்று பார்க்கிறேன். ஜெர்மானியர்களின் பெயர்கள் அவ்வளவு பொதுவானவை. ஒரே கப்பலில் ஒரே பெயரும் ஒரே வயதும் கொண்ட இருவர் வந்திருக்கிறார்கள். அடுத்தவர் போட்ட மரம் ஒரு துப்பு மட்டுமே. அது எந்த ஆவணத்தின் மேல் நிற்கிறது என்று பார்க்காமல் அதிலிருந்து ஒரு வரியைக்கூட நான் இப்போது எடுப்பதில்லை.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை கடலைப் பற்றி நினைக்காமல் அமெரிக்க மண்ணில் இருக்கும் காகிதங்களை எல்லாம் முதலில் முடித்தேன். இதைச் செய்யாமல் கப்பலுக்குப் போகவே கூடாது. 1870 கணக்கெடுப்பில் தாத்தாவின் தந்தை பிறந்த இடம் "மெக்லன்பர்க்" என்று இருந்தது, வட ஜெர்மனியில் ஒரு பகுதி அது. 1880இல் "பிரஷ்யா". 1900இல் "ஜெர்மனி". ஒரே மனிதர்தான், காலம் போகப் போக இடம் விரிந்துகொண்டே போகிறது. ஆகவே பழைய ஆவணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பிரஷ்யா என்ற சொல்லால் பயன் மிகக் குறைவு. அந்த ராஜ்யம் மேற்கே ரைன் நதி தொடங்கி கிழக்கே மேமல் வரை பரவிக் கிடந்தது.

குடியுரிமைக் காகிதம் மாவட்ட நீதிமன்றத்தில் கிடைத்தது. 1906க்கு முந்தைய குடியுரிமைப் பதிவுகளில் பிறந்த ஊர் பெரும்பாலும் இருக்காது. இதிலும் இல்லை. ஆனால் தான் இதுவரை விசுவாசம் செலுத்திய அரசர் யார் என்று சொல்லி, அந்த விசுவாசத்தைத் துறக்க வேண்டும். அங்கே "மெக்லன்பர்க்-ஷ்வெரின் பெருங்கோமகன்" என்று இருந்தது. மெக்லன்பர்க் என்ற பெயரில் அப்போது இரண்டு நாடுகள் இருந்தன: ஷ்வெரின், ஸ்ட்ரேலிட்ஸ். வெறும் சட்ட வாசகம் என்று நான் தாண்டிப் போகவிருந்த வரி இரண்டில் ஒரு நாட்டைத் தேடலிலிருந்து நீக்கிக் கொடுத்தது.

இனி ஊர். எனக்கு இந்த முழுத் தேடலிலும் கிடைத்த தெளிவு ஒன்றே ஒன்றுதான்: வந்து இறங்கிய கரையில் ஊரைத் தேடக்கூடாது, புறப்பட்ட கரையில் தேட வேண்டும். அமெரிக்கச் சட்டம் 1820 முதல் ஒவ்வொரு கப்பலிடமும் பயணிகள் பட்டியல் கேட்டது உண்மைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அந்தப் பட்டியல்களில் பெயர், வயது, தொழில், நாடு இவ்வளவுதான் இருக்கும். "ஜெர்மனி" என்று ஒரு சொல். கீழே பக்கம் முழுக்க "மேற்படி". ஹாம்பர்க் துறைமுகம் எழுதிய பட்டியலிலோ கடைசியாக வசித்த ஊருக்கென்றே ஒரு பத்தி உண்டு. ஊர்க்காரனுக்கு ஊரின் பெயர் முக்கியம், போய்ச் சேரும் நாட்டுக்கு அது முக்கியமில்லை. அவ்வளவு எளிய காரியத்தை நான் மூன்றாவது ஆண்டில்தான் உணர்ந்தேன்.

எல்லாத் துறைமுகமும் ஹாம்பர்க் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரேமன் நகரம் 1832இலேயே பயணிகள் பட்டியலைக் கட்டாயமாக்கியது. ஜெர்மானியர்கள் மிக அதிகமாகக் கப்பல் ஏறிய துறைமுகங்களில் அது ஒன்று. ஆனால் வைக்க இடமில்லை என்று பழைய பட்டியல்களை அங்கேயே அழித்துவந்தார்கள். மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. இன்று முறையாகக் கிடைப்பவை 1920 முதல் 1939 வரையிலானவை. இதைப் படித்த அன்று, ஊருக்குப் போனபோது இடிந்துகிடந்த எங்கள் பழைய வீட்டைப் பார்த்தது போல் வயிறு கலங்கியது. எத்தனை லட்சம் பேரின் ஊர்ப் பெயர்கள் அந்தக் காகிதங்களோடு போயின! தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து பலர் பிரான்ஸின் லெ ஹாவ்ர் வழியாகப் போனார்கள்; பருத்தி இறக்கிவிட்டுத் திரும்பும் அமெரிக்கக் கப்பல்களில் இடம் மலிவாகக் கிடைத்தது. அங்கும் பட்டியல்கள் பெரும்பாலும் இல்லை. ஹாம்பர்க் பட்டியல்கள் மட்டும் 1850 முதல் 1934 வரை, முதல் உலகப் போர்க் கால இடைவெளி தவிர, கிட்டத்தட்ட முழுமையாக நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கின்றன. அவற்றின் படங்கள் அன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இருக்கின்றன. சந்தா கட்ட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் பல பொது நூலகங்களில் அதை இலவசமாகப் பார்க்கலாம். நான் பெரும்பாலும் நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். இதே பட்டியல்களில்தான் பிரேசிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களும் இருக்கிறார்கள்.

மெக்லன்பர்க், ஹாம்பர்க்குக்குக் கிழக்கே பக்கத்து நிலம். இவர்கள் அங்குதான் கப்பல் ஏறியிருக்க வேண்டும் என்று நம்பிக்கையோடு 1868ஐத் திறந்தேன். இல்லை. 1867, 1869 இரண்டையும் பார்த்தேன். இல்லை. பழைய கையெழுத்து அட்டவணைகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால் மனைவி, குழந்தை பெயரில் தேடிப் பயனில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் ஹாம்பர்க் பட்டியல்களில் இரண்டு வகை உண்டு என்பது உறைத்தது: நேர்ப் பயணம் ஒன்று, சுற்றுப் பயணம் ஒன்று. நேராக நியூயார்க்குக்குப் போகக் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் சிறிய நீராவிக் கப்பலில் வட கடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்குப் போவார்கள். அங்கிருந்து ரயிலில் நாட்டின் குறுக்கே லிவர்பூல். லிவர்பூலில் வேறொரு கப்பல் ஏறி அட்லாண்டிக். இப்படிப் போனவர்களுக்கு ஹாம்பர்க்கில் தனிப் பட்டியல் போட்டார்கள். அந்தத் தொகுதிகள் தனி, அட்டவணை தனி. நான் ஏழைகளின் வழியைத் தேடாமல் வசதியுள்ளவர்களின் வழியில் தேடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி மாதம், வெளியே பனி. நூலகத்தில் அந்தத் தொகுதியைத் திறந்து, குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், வயது, மெக்லன்பர்க் ஆகிய மூன்றையும் வைத்துத் தேடினேன். குடும்பப் பெயரை எழுதாமல் தேடும் துணிவு இந்த வேலையில் மிகவும் தேவை. பெயரின் முதல் எழுத்தையே அட்டவணைக்காரர் தவறாகப் படித்திருந்தால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இங்கே அதுதான் நடந்திருந்தது. ஏப்ரல் 1868 கடைசி வாரம், ஹல் வழியாக, லிவர்பூல் வழியாக, க்யூபெக்குக்கு. மூன்று வரிகள். முதல் வரியில் 26 வயது ஆண், தொழில் பண்ணையாள். இரண்டாவது வரியில் 23 வயதுப் பெண், வேறு குடும்பப் பெயர். மூன்றாவது வரியில் ஓர் ஆண் குழந்தை, அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரில். வயது என்ற கட்டத்தில் எழுத்தர் பின்னமாக எழுதியிருந்தார்: முக்கால்.

ஜூலை 1867இலிருந்து ஏப்ரல் 1868 வரை விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது மாதம். முக்கால் ஆண்டு. ஆனால் குடும்பப் பெயர் வேறு. சுவரிலிருந்து கழற்றிய படம் கண் முன் வந்தது. இதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் படத்தை மறுபடி எடுத்து, இதுவரை நான் கண் வைக்காத பத்திகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் திருமணமாகி எத்தனை ஆண்டு என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தாவின் பெற்றோருக்கு நேராக 31 என்று இருந்தது. அப்படியானால் திருமணம் 1868 அல்லது 1869. மூத்த பிள்ளை பிறந்தது 1867. பதில் நான்கு ஆண்டுகளாக என் கணினியிலேயே இருந்திருக்கிறது. ஆவணத்தில் நமக்கு வேண்டிய பெயரைப் பார்த்ததும் மூடிவிடக்கூடாது. இடமிருந்து வலம் கடைசிக் கட்டம் வரை படிக்க வேண்டும்.

இனிதான் எனக்கு மெக்லன்பர்க்கைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. படித்தபோது அழுதேன். அங்கே பண்ணை அடிமை முறையை 1820இல் ஒழித்தார்கள். ஆனால் நிலம் பிரபுக்களிடமே இருந்தது; உழைப்பவனுக்கு ஒரு குழிகூடச் சொந்தமில்லை. ஓர் ஊரில் குடியிருக்கும் உரிமையை அந்தப் பண்ணையின் உடைமையாளர் கொடுத்தால்தான் உண்டு. அந்த உரிமை இல்லாதவர்களுக்குத் திருமணம் செய்துகொள்ள அனுமதி இல்லை. கூலிக் குடும்பங்கள் பெருகினால் நாளை அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டிவரும் என்று பண்ணையார்கள் அனுமதியைப் பிடித்து வைத்தார்கள். ஆகவே ஊர் ஊராகத் திருமணமில்லாமல் பிறந்த பிள்ளைகள். ஊர் ஊராக அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர்கள். மெக்லன்பர்க்கும் சேர்ந்திருந்த வட ஜெர்மன் கூட்டமைப்பு இந்தத் திருமணத் தடைகளை நீக்கிய சட்டம் 1868 மே 4 தேதியிட்டது. இவர்கள் ஏப்ரல் கடைசியில் ஹாம்பர்க்கை விட்டுவிட்டார்கள். சட்டம் வந்தபோது கையில் பிள்ளையோடு வழியில் இருந்தார்கள்.

விஸ்கான்சினில் அவர்கள் முதலில் குடியேறிய ஊரின் லூத்தரன் தேவாலயத்தில் கேட்டேன். பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். செப்டம்பர் 1868, திருமணம். கப்பலின் இரண்டாவது வரியில் இருந்த அதே பெண், அதே குடும்பப் பெயர். கரை ஏறிய நான்கு மாதத்தில், தடுக்க யாருமில்லாத நாட்டில், முதல் வேலையாக அவர்கள் செய்தது அது.

ஊரின் பெயருக்கு வருகிறேன், ஏனென்றால் பட்டியலில் ஊர் இருக்கிறது என்பதும் அதைப் படிக்க முடிகிறது என்பதும் வேறு வேறு. அக்கால ஜெர்மன் கையெழுத்துக்கு குர்ரெண்ட் என்று பெயர். அதில் 'இ' (e) எழுத்தும் 'என்' (n) எழுத்தும் இரண்டு சிறு கோடுகளாக ஒன்றுபோலவே நிற்கும். 'யூ' (u) எழுத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு போட்டு அதை மற்றவற்றிலிருந்து பிரித்தார்கள். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படிப்பவர் போல, சொல்லை ஊகித்துக்கொண்டுதான் எழுத்தைப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டேன். தெரிந்த சொற்களை முதலில் படித்துப் பழகுவது. அதே எழுத்தர் அதே பக்கத்தில் "மெக்லன்பர்க்" என்று பத்து முறை எழுதியிருந்தார். அந்தச் சொல்லிலிருந்து அவருடைய 'எம்', 'கே', 'என்' ஆகியவற்றைத் தாளில் வரைந்துகொண்டு, தெரியாத ஊர்ப் பெயரோடு வைத்துப் பார்த்தேன். எந்த அகராதியையும்விட அந்த எழுத்தரின் கையே நல்ல ஆசான். இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம் எழுதிப் பழகினால் யாருக்கும் வந்துவிடும். படிப்பதைவிட, நாமே அந்த எழுத்தில் எழுதிப் பழகுவது சீக்கிரம் கைகொடுக்கும்.

ஊர்ப் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தன. அட்டவணைக்காரர் அதையும் பெயரோடு சேர்த்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஓர் ஊரை உண்டாக்கியிருந்தார். அது "க்ளைன்" என்பதன் சுருக்கம். சிறிய என்று பொருள். நம்மூரில் மேல, கீழ என்று ஊர்கள் இரட்டையாக இருப்பது போல அங்கே க்ரோஸ் என்றும் க்ளைன் என்றும், பெரியதும் சிறியதும், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மெக்லன்பர்க்கில் ஊர்ப் பெயர்கள் பலவும் 'ஓ' ஓசையில் முடியும். எழுதும்போது கடைசியில் ஒரு 'டபிள்யூ' நிற்கும், வாயில் வராது. டெட்டெரோ, குஸ்ட்ரோ எல்லாம் அப்படித்தான். ஜெர்மன் பேரரசின் ஊர்களை எல்லாம் தொகுத்த மேயர்ஸ் அகராதியின் 1912 பதிப்பு இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. அதில் அதே பெயரில் மூன்று ஊர்கள் கிடைத்தன. மெக்லன்பர்க்-ஷ்வெரினில் இருந்தது ஒன்றுதான், டெட்டெரோவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கிராமம். அந்த ஊர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைக்க முடியாது. சின்ன ஊர்களுக்கு சொந்தத் தேவாலயம் இருக்காது. பதிவெல்லாம் பக்கத்து ஊரில்தான்.

இங்கே எங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். மெக்லன்பர்க்-ஷ்வெரினில் 1867 டிசம்பர் 3 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் பிழைத்திருக்கிறது. கப்பல் ஏறுவதற்கு ஐந்து மாதம் முன்னால்! அந்தக் கிராமத்தின் தாள்களைப் புரட்டினேன். தாத்தாவின் தந்தை ஒரு வீட்டில் பண்ணையாளாக இருக்கிறார். நான்கு வீடு தள்ளி, அவருடைய வருங்கால மனைவி தன் பெற்றோரோடு இருக்கிறார். அந்த வீட்டின் கடைசி வரியில் ஐந்து மாதக் குழந்தை. குழந்தையின் தந்தை நான்கு வீடு தள்ளித் தனியாக உறங்க வேண்டியிருந்தது. கணக்கெடுத்தவரின் பேனாவுக்கு அது வெறும் இரண்டு தாள்.

ஞானஸ்நானப் பதிவுக்குத் தேவாலய ஆவணங்களைத்தான் நாட வேண்டும். ஜெர்மனி முழுவதற்கும் அரசுப் பிறப்புப் பதிவு 1876இல்தான் வந்தது. புராட்டஸ்டண்ட் திருச்சபைகளின் ஏடுகள் பல ஆர்கியோன் தளத்திலும் கத்தோலிக்க ஏடுகள் பல மெட்ரிகுலா தளத்திலும் படங்களாகக் கிடைக்கின்றன. முன்னது கட்டணம், பின்னது இலவசம். பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம் மனத்தில் இருக்கட்டும். ஞானஸ்நானத்தில் மூன்று பெயர் வைப்பார்கள். கூப்பிடுவது பெரும்பாலும் கடைசிப் பெயரால். கல்லறையில் ஃபிரெட் என்று இருப்பவர் ஏட்டில் யோஹான் யோவாக்கிம் ஃபிரீட்ரிச் என்று இருப்பார். யோஹான் என்று தேடினால் ஊரே யோஹான்தான். எங்கள் குழந்தையின் பதிவில் தாயின் பெயரும், திருமணமில்லாமல் பிறந்தது என்ற குறிப்பும் இருந்தன. ஓரத்தில் போதகர் வேறு மையில் தந்தையின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். அந்த ஓரக் குறிப்பு இல்லாவிட்டால் நான் இன்னும் சந்தேகத்தோடுதான் இருந்திருப்பேன்.

க்யூபெக்கும் பிறகு கிடைத்தது. அங்கே 1865 முதல் பயணிகள் பட்டியல்கள் உண்டு. கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. மே மாதம், செயின்ட் லாரன்ஸ் நதியில் பனி உருகிய பிறகு இறங்கியிருக்கிறார்கள். கனடாவிலிருந்து எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் வருகிறவர்களை 1895 வரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே எந்த அமெரிக்கத் துறைமுகத்திலும் அவர்களுடைய தடம் இல்லாதது இயல்பே. நியூயார்க்கில் கிடைக்கவில்லை என்றால் பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ், கால்வெஸ்டன் பார்க்கிறவர்கள் க்யூபெக்கையும் பாருங்கள். முக்கியமாகக் குடும்பம் விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் குடியேறியிருந்தால்.

ஹாம்பர்க் கைகொடுக்காதவர்களுக்கு வேறு வாசல் உண்டு. என் தோழியின் கணவர் குடும்பம் தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்தது. லெ ஹாவ்ர் வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியல் இல்லை. ஆனால் வூர்ட்டம்பெர்க் தன் குடிகளை எளிதில் விட்டுவிடவில்லை. வெளியேற விண்ணப்பிக்க வேண்டும், குடியுரிமையைத் துறக்க வேண்டும், ஓராண்டுக்குள் கடன்காரர் யாராவது வந்தால் பொறுப்பேற்க ஒரு ஜாமீன்தாரரைக் காட்ட வேண்டும். அந்தக் கோப்புகள் இருக்கின்றன. தென்மேற்கு ஜெர்மனியின் குடிபெயர்ந்தோர் பெயர்களை பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடலாம். தோழி அங்கே ஒரு மாலையில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு நான்கு ஆண்டு! அதோடு வூர்ட்டம்பெர்க் தேவாலயங்களில் 1808 முதல் குடும்பம் குடும்பமாகவே ஏடு வைத்தார்கள்; பெயருக்கு எதிரே "அமெரிக்காவுக்கு" என்று ஒற்றைச் சொல்லில் குறித்திருப்பார்கள். படைச் சேவைக்கு அஞ்சிச் சொல்லாமல் போன இளைஞர்கள் விண்ணப்பக் கோப்பில் இருக்க மாட்டார்கள். அவர்களை உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வெளியான அழைப்பாணைகளில் தேட வேண்டும்.

எந்தக் காப்பகத்துக்கு எழுதினாலும் ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பெயர், மதப் பிரிவு, ஊர், ஆண்டு, என்ன பதிவு வேண்டும் என்பதைப் பத்து வரி ஜெர்மனில் எழுதினால் போதும். கட்டணம் கட்டத் தயார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வர மாதங்கள் ஆகும். நானும் முதலில் மூன்று பக்கக் குடும்பக் கதை எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை. பத்து வரி எழுதியதற்கு வந்தது.

எல்லாம் கையில் வந்த பிறகு இரண்டு வாரம் அத்தையிடம் சொல்லாமல் இருந்தேன். தாத்தா பிறந்தபோது அவர் பெற்றோருக்குத் திருமணமாகவில்லை, அவர் வேறு பெயரில் இந்த உலகத்துக்கு வந்தார் என்பதை 81 தாண்டி 85ஐ எட்டிய ஒருவரிடம் எப்படிச் சொல்வது? மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கணவர்தான், "அம்மாவின் தாத்தா அவர். உன்னைவிட அம்மாவுக்கு உரிமை அதிகம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேசையில் காகிதங்களை வரிசையாக வைத்தேன். முதலில் திருமணத் தடையைப் பற்றிச் சொன்னேன், பண்ணையாரின் அனுமதியைப் பற்றிச் சொன்னேன், மே 4ஐப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகுதான் மூன்று வரிகளைக் காட்டினேன். அந்த வரிசையில் சொன்னது நல்லதாகப் போயிற்று.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரியின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. "இந்தக் கைதான் எனக்கு ஆப்பிள் தோல் சீவிக் கொடுத்தது" என்றார். பிறகு, "நான்கு வீடு தள்ளியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்துபோய் பைபிளை எடுத்து வந்தார். முன்பக்கத்தைத் திறந்து, மூத்தவரின் பெயருக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு, ஊரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். க்ளைன் என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுதினார். மேலே, திருமண நாள் இல்லாமல் இருந்த இடத்தில், செப்டம்பர் 1868 என்று எழுதிவிட்டு, என் மகனைக் கூப்பிட்டார்.